6. தைவானில் சாப்பாடு: கடை, விருந்து, அறைச் சமையல்

படிப்புக்கோ ஆராய்ச்சிக்கோ வேலைக்கோ தைவான் போகிறவர்களுக்கான அத்தியாயம் இது. ஷின்ச்சு நகரத்தை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். ச்சிங் ஹுவா பல்கலைக்கழகம், யாங் மிங் ச்சியாவ் துங் பல்கலைக்கழகம், 1980இல் தொடங்கிய அறிவியல் பூங்கா எல்லாம் அங்கே பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் நம் ஊர் மாணவர்களையும் பொறியாளர்களையும் அந்த நகரத்தில் நிறையப் பார்க்கலாம். தைபேயிலோ தைனானிலோ இருக்கப் போகிறவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சாப்பாட்டுக்குப் பயந்து ஊறுகாயோடு அறைக்குள் முடங்குகிறவர்களுக்கு அந்த ஊர் கடைசிவரை அந்நியமாகவே இருந்துவிடுகிறது. பேராசிரியர் மனம்விட்டுப் பேசுவதும் ஆய்வகத் தோழர்கள் நெருங்கி வருவதும் சாப்பாட்டு மேசையில்தான். உங்கள் உணவுக் கட்டுப்பாட்டில் எதையும் விட்டுக்கொடுக்காமலே அந்த மேசையில் உட்காரலாம். கட்டுப்பாட்டை முன்கூட்டியே, தெளிவாக, சிரித்த முகத்தோடு சொல்லிவிட வேண்டும். அவ்வளவுதான் நிபந்தனை.

புறப்படும் முன்: பெட்டியில் எது, எது கூடாது

1. மிக்சி: தைவானில் மின்சாரம் 110 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நம் ஊர் 230 வோல்ட் மிக்சி அங்கே முக்கும், அரைக்காது. அமெரிக்காவுக்கென்று தயாராகும் 110 வோல்ட் மிக்சி சென்னை, கோவைக் கடைகளில் கிடைக்கிறது. தட்டையான இரண்டு முனை பிளக் உட்பட அது அப்படியே பொருந்தும். மின்மாற்றி வாங்கிச் சமாளிக்க நினைக்காதீர்கள். மிக்சி இழுக்கும் மின்சாரத்துக்கு ஏற்ற மின்மாற்றி செங்கல் கனம் இருக்கும், சூடாகும்.

2. குக்கர்: வாடகை வீடுகளில் பெரும்பாலும் இண்டக்‌ஷன் அடுப்புதான். அலுமினிய குக்கர் அதில் வேலை செய்யாது. எவர்சில்வர் குக்கர் எடுத்துப் போங்கள். கூடவே இரண்டு கேஸ்கட், ஒரு சேஃப்டி வால்வு.

3. பொடிகள்: சாம்பார்ப் பொடி, மிளகாய்த் தூள், பெருங்காயம், புளி ஆகியவற்றைக் கடையில் சீல் வைத்த பாக்கெட்டாகவே வாங்குங்கள். உள்ளே இருப்பது என்னவென்று ஆங்கிலத்தில் அச்சாகியிருந்தால் சுங்கத்தில் பேச்சே வராது.

4. இறைச்சி எதுவும் வேண்டாம்: மட்டன் ஊறுகாய், சிக்கன் தொக்கு, உப்புக் கண்டம் எதுவும் கூடாது. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் பரவிய நாடுகளிலிருந்து பன்றியிறைச்சிப் பண்டம் கொண்டுவந்தால் முதல் தடவைக்கே 2 லட்சம் தைவான் டாலர் அபராதம். 2018 கடைசியில் இந்தச் சட்டத்தைக் கடுமையாக்கினார்கள். அபராதம் கட்டாத வெளிநாட்டவரை விமான நிலையத்திலேயே திருப்பி அனுப்பலாம். மற்ற இறைச்சிக்கும் தனித்தனி அபராதம் உண்டு. பழங்களுக்கும் அனுமதி இல்லை. பச்சைக் கறிவேப்பிலைக் கொத்தையும் எடுத்து வைக்காதீர்கள். உலர்த்திப் பொடித்த கறிவேப்பிலை போதும்.

முதல் வாரம்: கடையில் சாப்பிடும் முறை

நேரம்தான் முதல் பாடம். காலைச் சிற்றுண்டிக் கடைகள் விடியற்காலையில் திறந்து 11 மணிவாக்கில் மூடிவிடும். மதியச் சாப்பாடு சரியாக 12 மணி. இரண்டு மணிக்குப் பிறகு பல கடைகளில் அடுப்பை அணைத்துவிடுவார்கள், மறுபடி 5 மணிக்குத்தான். இரவு 8 மணிக்கு மேல் சின்னக் கடைகளில் கிடைப்பது மிச்சம் மீதி. ஒன்பது மணிக்குச் சாப்பிட்டுப் பழகியவர்கள் முதல் வாரத்தில் பட்டினியாகப் படுப்பது இதனால்தான். எந்த நேரத்திலும் கைகொடுப்பவை இருபத்து நான்கு மணிநேரக் கடைகள். சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கு, தேநீரில் வெந்த முட்டை, வாழைப்பழம் எல்லாம் அங்கே எப்போதும் உண்டு.

சின்னக் கடையில் வரிசை இப்படிப் போகும்:

1. உள்ளே நுழைந்ததும் காதில் விழும் முதல் கேள்வி, "நேய் யோங்? வாய் தாய்?" முதல் சொல்லுக்கு இங்கேயே சாப்பிடுவது, இரண்டாவதற்குப் பார்சல் என்று பொருள். ஒன்றைத் திருப்பிச் சொன்னால் போதும்.

2. வாசலிலோ மேசையிலோ பட்டியல் அச்சடித்த சீட்டும் பென்சிலும் இருக்கும். வேண்டியதற்கு நேரே எத்தனை என்று எழுதி, மேசை எண்ணையும் குறித்துக் கொடுங்கள். எழுத்து தெரியாத நாட்களில் கைப்பேசிக் கேமராவால் மொழிபெயர்த்துக்கொள்ளலாம். ஆனால் உணவின் பெயர்களில் அது அடிக்கடி தடுமாறும் என்பதால் அதை மட்டும் நம்பி இறைச்சி இல்லை என்ற முடிவுக்கு வராதீர்கள்.

3. கடைக்காரரை "லாவ்பான்" என்று அழையுங்கள். பெண்மணியானால் "லாவ்பான் நியாங்". மரியாதையான அழைப்பு, முகம் மலரும்.

4. சாப்ஸ்டிக், கரண்டி, மிளகாய் விழுது, இலவச சூப் எல்லாம் ஓரத்தில் இருக்கும். நீங்களே எடுத்துக்கொள்ள வேண்டும்.

5. சில கடைகளில் சீட்டைக் கொடுக்கும்போதே பணம் வாங்குவார்கள், சிலவற்றில் கிளம்பும்போது. முன்னால் இருப்பவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். டிப்ஸ் வழக்கம் கிடையாது. பெரிய உணவகங்களில் 10 சதவீதச் சேவைக் கட்டணத்தை ரசீதிலேயே சேர்த்துவிடுவார்கள்.

6. தட்டைத் திருப்பி வைக்கும் இடத்தில் மிச்சச் சோறு, காகிதக் கிண்ணம், சாப்ஸ்டிக் என்று தனித்தனித் தொட்டிகள். எல்லாவற்றையும் ஒன்றில் கொட்டினால் அடுத்து நிற்பவர் உங்களுக்காகப் பிரித்துக்கொண்டிருப்பார்.

ரசீதைக் கசக்கி எறியாதீர்கள். பெரும்பாலான ரசீதுகளில் அரசு லாட்டரி எண் ஒன்று இருக்கிறது. ஒற்றைப்படை மாதங்களில் 25ஆம் தேதி குலுக்கல். கடைசி மூன்று எண் பொருந்தினாலே 200 டாலர், அதாவது இரண்டு வேளைச் சாப்பாடு.

புதிதாக வந்தவர்களுக்கு மிக வசதியானது "ஸ்-ஜூ-ட்சான்" கடை. இருபது முப்பது வகைக் கறிகளைத் தட்டுகளில் பரப்பியிருப்பார்கள். கண்ணால் பார்த்து இடுக்கியால் எடுத்துக் கல்லாவில் காட்டினால் விலை சொல்லிவிடுவார்கள். பேச்சே தேவையில்லை. சைவக் கடைகளில் பெரும்பாலும் எடைபோட்டு விலை. அங்கே குழம்போடு டோஃபுவையும் பூசணிக்காயையும் குவித்தால் விலை ஏறும், கீரை வகைகளை எடுத்தால் இறங்கும்.

குறிப்பு: குழாய்த் தண்ணீரை அந்த ஊர்க்காரர்களே காய்ச்சித்தான் குடிப்பார்கள். பல்கலைக்கழகத்திலும் ரயில் நிலையத்திலும் குடிநீர் இயந்திரங்கள் உண்டு, பாட்டில் ஒன்றைக் கையோடு வைத்திருங்கள். அதில் சுடுநீர்க் குழாயில் வருவது கொதிநீர். மெல்லிய பிளாஸ்டிக் பாட்டிலை அதன் அடியில் பிடித்துக் கையைச் சுட்டுக்கொள்ளாதீர்கள்.

சைவமாகவே இருக்க விரும்புகிறவர்களுக்கு

உலகில் சைவர்களுக்கு மிக அனுகூலமான ஊர்களில் தைவானும் ஒன்று. இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம், பலர் இது தெரியாமலே அங்கே ரொட்டியும் பழமுமாகக் காலம் தள்ளுகிறார்கள். பௌத்தத்தையும் ஈ-குவான் தாவ் என்ற சமய நெறியையும் பின்பற்றுகிறவர்கள் தெருவுக்குத் தெரு சைவக் கடை நடத்துகிறார்கள். பெயர்ப்பலகையில் ஸ்வஸ்திகம் வரைந்திருந்தால் அது சைவக் கடை. சைவத்துக்கு அவர்கள் சொல் "சூ". "நான் சைவம்" என்பதற்கு "வோ ச்சி சூ".

நம் அமாவாசை, பௌர்ணமி விரதம்போல அங்கேயும் சந்திர மாதத்தின் 1ஆம் நாளும் 15ஆம் நாளும் பலர் சைவம் சாப்பிடுகிறார்கள். அந்த நாட்களில் சைவக் கடைகளில் நெரிசல். 11:30க்கே போய்விடுங்கள், நல்ல கறிகள் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

பாக்கெட்டில் சைவம் என்று அச்சிட்டால் எந்த வகைச் சைவம் என்பதையும் அச்சிட வேண்டும் என்பது தைவான் சட்டம். முழுச் சைவம், முட்டை சேர்ந்தது, பால் சேர்ந்தது, பாலும் முட்டையும் சேர்ந்தது, வெங்காயம் பூண்டு சேர்ந்த சைவம் என்று ஐந்து வகை. முட்டை சேர்க்காதவர்கள் "ச்சுவான் சூ" என்ற முதல் வகையையோ பால் வகையையோ தேடுங்கள்.

அவர்களுடைய கண்டிப்பான சைவத்தில் வெங்காயத்தாள், பூண்டு வகைகள் கூடாது. சீனப் பௌத்த மரபு விலக்கும் ஐந்து காரப் பொருள்களில் பெருங்காயமும் ஒன்று. நம் வீடுகளில் வெங்காயம் பூண்டு விலக்குகிற நாளில் பெருங்காயம்தான் அந்த இடத்தை நிரப்புகிறது. அங்கே அதற்கும் தடை. சைவத் தோழர் ஒருவருக்குச் சாம்பார் வைத்துக் கொடுப்பதானால், பெருங்காயம் போடலாமா என்று கேட்டுவிட்டுப் போடுங்கள்.

வழக்கமாக நடக்கும் தவறுகள்:

* "இறைச்சி வேண்டாம்" என்று மட்டும் சொல்வது. இறைச்சித் துண்டைப் பொறுக்கி எடுத்துவிட்டு, அதே சாற்றோடு தருவார்கள். எடுத்த எடுப்பிலேயே "வோ ச்சி சூ" சொன்னால் சமையல்காரருக்குச் சட்டென்று புரியும். அது மத விதி என்று கருதி மதிப்பார்கள்.

* அவித்த கீரை சைவம்தான் என்று நம்புவது. சாதாரணக் கடையில் அதன் மேல் பொடியாக நறுக்கி வதக்கிய பன்றியிறைச்சிக் குழம்பை ஒரு கரண்டி ஊற்றுவது வழக்கம். அதன் பெயர் "ரோஸாவ்". கீரை கேட்கும்போதே வேண்டாம் என்று சொல்லுங்கள்.

* பேக்கரி ரொட்டி. மேலே பஞ்சுபோல் பழுப்பாகத் தூவியிருப்பது பன்றியிறைச்சித் தூவல். வெங்காயத்தாள் ரொட்டி, அடுக்கு ரொட்டிகளில் பன்றிக் கொழுப்பு இருக்கக்கூடும்.

* "பொரித்த டோஃபுதானே" என்று சந்தையில் வாங்குவது. நாற்ற டோஃபு ஊறும் புளித்த நீரில் இறால், இறைச்சி சேர்த்திருப்பார்கள். எண்ணெயும் பன்றிக் கொழுப்பாக இருக்கலாம். சைவ அடையாளமிட்ட கடையில் மட்டும் வாங்குங்கள்.

* சைவக் கடையில் மீன்போலவும் கோழிபோலவும் தெரிவதைப் பார்த்து எழுந்து வந்துவிடுவது. சோயா, கோதுமைப் புரதம், காளான் ஆகியவற்றால் செய்தவை அவை. பிடிக்காவிட்டால் விடுங்கள். கடை மேல் சந்தேகம் வேண்டாம்.

வாய்ச்சொல்லை விடப் பலமான கருவி ஓர் அட்டை. உங்களோடு படிக்கும் தைவான்காரரிடம் சொல்லி, நீங்கள் சாப்பிடாதவற்றைச் சீன எழுத்தில் எழுதி வாங்குங்கள்: இறைச்சி, மீன், இறால், முட்டை, பன்றிக் கொழுப்பு, இறைச்சிச் சாறு. அதைப் படமெடுத்துக் கைப்பேசியின் முகப்பில் வைத்துக்கொள்ளுங்கள். பன்றி, மாடு, கோழி, மீன் ஆகிய நான்கு எழுத்துகளை அதிலிருந்தே மனப்பாடம் செய்துவிட்டால் பட்டியல் படிக்கும் பாதி வேலை முடிந்தது.

மாட்டிறைச்சி விலக்குவோருக்கும் ஹலால் தேடுவோருக்கும்

"வோ பூ ச்சி நியோரோ" என்றால் மாட்டிறைச்சி சாப்பிட மாட்டேன். இதைச் சொல்லத் தயங்க வேண்டாம். உழவுக்கு உதவிய மாட்டைத் தின்னக் கூடாது என்று மாட்டிறைச்சியை ஒதுக்கும் குடும்பங்கள் தைவானிலும் உண்டு, மூத்த தலைமுறையில் அதிகம். நூடுல்ஸ் கடையில் மட்டும் கூடுதல் கவனம் தேவை. மாட்டிறைச்சி நூடுல்ஸ் கடைகளில் வேறு எதைக் கேட்டாலும் அதே சாறுதான் ஊற்றக்கூடும்.

ஹலால் தேடுவோர் "ச்சிங்ஜென்" என்ற சொல்லைக் கற்றுக்கொள்ளுங்கள். தைபே பெரிய பள்ளிவாசல் இப்போதுள்ள இடத்தில் 1960இல் திறக்கப்பட்டது. வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போனால் ஹலால் கடைகள் எங்கே என்ற விவரம் அங்கேயே கிடைத்துவிடும்.

இரவுச் சந்தை

போக வேண்டிய இடம்தான். கண்ணுக்குத் தெரியாத இரண்டைப் பற்றி மட்டும் எச்சரிக்கிறேன். குச்சியில் செருகி, நிலக்கடலைத் தூளும் கொத்தமல்லித் தழையும் தூவிய கரிய கட்டி இனிப்புப் பண்டம் அல்ல. பன்றி ரத்தத்தில் வேகவைத்த அரிசி. பழுப்பு நிறத்தில் வழவழவென்று சூப்பில் மிதப்பது டோஃபுவாக இருக்கலாம், உறைந்த வாத்து ரத்தமாகவும் இருக்கலாம். கேட்டுவிட்டு வாங்குங்கள்.

நிலக்கடலைத் தூள் பல பண்டங்களில் தூவப்படுகிறது. கடலையோ சிப்பி, இறாலோ ஒவ்வாதவர்கள் அதையும் அட்டையில் எழுதிவையுங்கள். மூச்சு முட்டினால் 119ஐ அழைக்க வேண்டும்.

வட்ட மேசை

ஆய்வக விருந்து, ஆண்டு இறுதி விருந்து, கல்யாணம் எதுவானாலும் சுழல் தட்டு வைத்த வட்ட மேசைதான். பத்துப் பேருக்குப் பத்துப் பன்னிரண்டு கறி வரும். அழைப்பு வந்த அன்றே உங்கள் கட்டுப்பாட்டை ஏற்பாடு செய்பவரிடம் சொல்லிவிடுங்கள். உங்களுக்கென்று தனித்தட்டு வரும், அது யாருக்கும் சிரமமில்லை. மேசையில் உட்கார்ந்த பிறகு சொன்னால்தான் விருந்து கொடுப்பவர் சங்கடப்படுவார்.

1. நீங்களாக இடம் பார்த்து உட்காராதீர்கள். வாசலைப் பார்த்த இருக்கை மூத்தவருக்கோ தலைமை விருந்தினருக்கோ உரியது. காட்டும் இடத்தில் அமருங்கள்.

2. மூத்தவர் சாப்ஸ்டிக்கை எடுக்கும்வரை காத்திருங்கள். ஒவ்வொரு புதுக் கறியும் முதலில் அவர் முன்னால்தான் சுற்றி நிற்கும்.

3. தட்டை மெதுவாகச் சுழற்றுங்கள். யாருடைய சாப்ஸ்டிக்காவது கறியில் இருக்கும்போது தொடவே கூடாது. உங்கள் முன்னால் வரும்போது, உங்கள் பக்கம் இருப்பதை எடுங்கள். கிளறித் தேடுவது மரியாதைக் குறைவு.

4. பொதுத் தட்டில் "கோங்குவாய்" என்ற பொதுச் சாப்ஸ்டிக் இருந்தால் அதால் எடுத்து உங்கள் கிண்ணத்தில் வைத்துக்கொண்டு, பிறகு உங்கள் சாப்ஸ்டிக்கால் சாப்பிடுங்கள். எச்சில் பார்க்கும் நமக்கு இது இயல்பாகவே வரும். இல்லையென்றால் கேட்டு வாங்கலாம், தவறாக நினைக்க மாட்டார்கள்.

5. சோற்றுக் கிண்ணம் மேசையில் கிடக்கக் குனிந்து சாப்பிடுவது அழகில்லை. கட்டைவிரலை விளிம்பில் வைத்து, மற்ற விரல்களால் அடியைத் தாங்கி, இடது கையால் வாய்க்கருகே தூக்கிக்கொள்ளுங்கள். இடது கை பற்றிய நம் கூச்சம் அங்கே வேண்டாம். பொருளைக் கொடுப்பதும் வாங்குவதும் இரண்டு கையாலும் என்றால் நல்லது.

6. எலும்பு, மீன்முள் வைக்கச் சிறுதட்டு இருக்கும். கிண்ணத்துக்குள் போடாதீர்கள்.

சாப்ஸ்டிக் பிடிக்க அறையிலேயே பழகுங்கள். கீழ்க்குச்சி கட்டைவிரலின் அடியில் உள்ள பள்ளத்திலும் மோதிர விரலின் பக்கத்திலும் அசையாமல் உட்கார வேண்டும். மேல்குச்சியைப் பேனாபோல் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரலால் பிடியுங்கள். அசைவது மேல்குச்சி மட்டும். இரண்டையும் சேர்த்து அசைப்பதால்தான் குச்சிகள் குறுக்காகிக் கறி நழுவுகிறது. முனைகள் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று மேசையில் ஒருமுறை தட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். முதலில் டோஃபு வேண்டாம், வறுத்த கடலையில் பழகுங்கள்.

செய்யவே கூடாதவை மூன்று. சோற்றில் சாப்ஸ்டிக்கைச் செங்குத்தாகக் குத்தி வைப்பது முதலாவது. இறந்தவர் முன் ஊதுபத்தி ஏற்றிய சோற்றுக் கிண்ணம் அப்படித்தான் இருக்கும், பார்த்தவர் முகம் வாடிவிடும். கிண்ணத்தைக் குச்சியால் தட்டுவது பிச்சை கேட்பதற்கு ஒப்பு. ஒருவர் குச்சியிலிருந்து இன்னொருவர் குச்சிக்குக் கறியை மாற்றுவது எரித்த எலும்பைப் பொறுக்கும் சடங்கை நினைவூட்டும்.

மதுவைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் மாணவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். "கான்பேய்" என்றால் கோப்பையைக் காலி செய்ய வேண்டும். "ஸ்வே ஈ" என்றால் விருப்பப்படி ஒரு மடக்கு. குடிக்காதவர்களுக்கு மரபிலேயே வழி இருக்கிறது. கோப்பையில் தேநீரை ஊற்றிக்கொண்டு எழுந்து நின்று "ஈ ச்சா தாய் ஜியோ" என்று சொல்லுங்கள். மதுவுக்குப் பதில் தேநீர் என்று பொருள். எல்லோரும் ஏற்பார்கள். பேராசிரியரோடு கோப்பையை மோதும்போது உங்கள் கோப்பையின் விளிம்பு அவருடையதை விடத் தாழ்ந்திருக்க வேண்டும். கோப்பையை இரு கையாலும் பிடியுங்கள். விருந்து கொடுப்பவர் மேசை மேசையாக வந்து வாழ்த்தும்போது உட்கார்ந்தே இருக்காதீர்கள். ஒரு முறையாவது நீங்களே எழுந்து போய்ப் பேராசிரியருக்கு நன்றி சொல்லுங்கள். அதை அவர் நினைவில் வைத்திருப்பார். தேநீர் ஒன்றையே கடைசிவரை பிடியுங்கள். முதல் சுற்றில் கொஞ்சம் குடித்துவிட்டு அடுத்ததில் மறுத்தால், மறுப்பு அந்த ஆளுக்கு என்று எடுத்துக்கொள்வார்கள். குடிப்பவர்கள் ஸ்கூட்டரை விடுதியிலேயே விட்டுவிட்டுப் போங்கள். குடித்துவிட்டு ஓட்டினால் அங்கே சிறை வரைக்கும் போகும்.

கிண்ணம் காலியானால் பக்கத்தில் இருப்பவர் எடுத்து வைத்துக்கொண்டே இருப்பார். போதுமென்றால் கொஞ்சம் மிச்சம் வைத்து "வோ ச்சி பாவ் ல", வயிறு நிறைந்துவிட்டது என்று சொல்லுங்கள். விருந்து முடிவில் மிச்சத்தைப் பையில் கட்டித் தருவார்கள். "தா பாவ்" என்று பெயர். கூச்சப்படாமல் வாங்குங்கள், மறுநாள் காலைக்கு ஆகும்.

பணம் கொடுப்பது: அழைத்தவர்தான் கொடுப்பார். நீங்கள் பணப்பையை எடுப்பது மரியாதை, ஆனால் கல்லாவில் கைகலப்பு வேண்டாம். அடுத்த வாரம் அவரைத் தேநீருக்கு அழைத்துக் கணக்கைச் சமன் செய்யுங்கள். மாணவர்களுக்குள் பெரும்பாலும் அவரவர் பங்கு. ஒருவர் கொடுத்துவிட்டு லைன் செயலியில் கணக்கு அனுப்புவார், அன்றே கொடுத்துவிடுங்கள்.

வீட்டுக்கு அழைத்தால்

வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, அவர்கள் கொடுக்கும் வீட்டுச் செருப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். பழப்பெட்டி நல்ல பரிசு. கடிகாரம் கூடவே கூடாது, நான்கு என்ற எண்ணும் வேண்டாம். கல்யாணத்துக்குச் சிவப்பு உறையில் பணம், இரட்டைப்படைத் தொகையாக. எவ்வளவு என்பது உறவின் நெருக்கத்தையும் மண்டபத்தையும் பொறுத்தது என்பதால் அதே விருந்துக்குப் போகும் தோழரைக் கேளுங்கள். துக்க வீட்டுக்கு வெள்ளை உறை, ஒற்றைப்படைத் தொகை.

சந்திர ஆண்டின் ஏழாம் மாதத்தில் கடைவாசல்களில் பழமும் பிஸ்கட்டும் சோறும் மேசைபோட்டுப் படைத்திருப்பதைப் பார்ப்பீர்கள். அது திக்கற்ற ஆவிகளுக்கான படையல். தொடவோ, குறுக்கே புகுந்து படமெடுக்கவோ கூடாது.

அறைச் சமையல்

சமையலறை இல்லாத வாடகை அறைகள் அங்கே மிகுதி. விடுதிகள் பலவற்றில் அறைக்குள் சமையல் சாதனமே கூடாது. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் இதைக் கேளுங்கள்.

அனுமதி இருந்தால் முதல் வாரத்தில் வாங்க வேண்டியது "தியென் குவோ". 1960இலிருந்து தாதுங் நிறுவனம் தயாரிக்கும் மின்பாத்திரம் இது. தைவானில் இது இல்லாத வீடு அபூர்வம், பழையது மலிவாகக் கிடைக்கும். வெளிப்பாத்திரத்தில் ஊற்றும் நீர் ஆவியாகி உள்பாத்திரத்தை வேகவைக்கிறது. நீர் வற்றியதும் சுவிட்ச் தானே மேலே எழும். நேரத்தைத் தண்ணீரால் அளக்கும் இந்த முறை இட்லிக்கு மிகப் பொருத்தம்:

1. உள்ளே நுழையும் அளவுள்ள சிறு இட்லித் தட்டை ஊரிலிருந்தே கொண்டு போங்கள்.
2. வெளிப்பாத்திரத்தில் அவர்களுடைய அளவுக் கோப்பையால் ஒரு கோப்பைத் தண்ணீர் ஊற்றி, சுவிட்சை அழுத்தி, ஆவி வரும்வரை பொறுங்கள்.
3. மாவு ஊற்றிய தட்டை இறக்கி மூடுங்கள். மூடிக்கடியில் துணி கட்டினால் நீர் சொட்டாது. துணியின் நுனி வெளியே தொங்கக் கூடாது.
4. சுவிட்ச் எழுந்ததும் ஐந்து நிமிடம் விட்டுத் திறங்கள். மூடியை உங்களுக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்த்துத் திறக்க வேண்டும், ஆவி முகத்தில் அடிக்கும்.
5. பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்ச் எழுந்த பின்னும் பல மாடல்கள் சூடாகவே இருக்கும்.

ஷின்ச்சுக் குளிர்காலத்தில் மாவு புளிக்காது. தெர்மோகோல் பெட்டிக்குள் மாவுப் பாத்திரத்தையும் வெந்நீர் பாட்டிலையும் சேர்த்து மூடி வைத்தால் காலையில் பொங்கியிருக்கும். மின்பாத்திரத்தின் சூட்டில் வைக்காதீர்கள், மாவு வெந்துவிடும்.

சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்கும் அரிசி பெரும்பாலும் ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் உருவாகி 1926இல் போன்லாய் என்று பெயர் பெற்ற குட்டை அரிசி வகை. குழம்புக்கு ஒட்டிக்கொள்ளும். உதிரியாக வேண்டுமானால் தென்கிழக்காசியக் கடைகளில் தாய்லாந்து அரிசி வாங்குங்கள். இந்தோனேசிய, வியட்நாமியத் தொழிலாளர்களுக்கான அந்தக் கடைகளில் தேங்காய்ப் பால், பச்சை மிளகாய், சிலவற்றில் கறிவேப்பிலையும் உண்டு. "ஸாய் லாய் மீ ஃபென்" என்ற பச்சரிசி மாவு எல்லாக் கடையிலும் கிடைக்கும். கொழுக்கட்டைக்கும் இடியாப்பத்துக்கும் அதுவே போதும். ஷின்ச்சுவின் புகழ்பெற்ற அரிசிச் சேமியாவை வெந்நீரில் ஊறவைத்துத் தாளித்தால் எலுமிச்சைச் சேவை தயார். சோள மாவு கலக்காத, முழுக்க அரிசியாலான பாக்கெட்டாகப் பார்த்து வாங்குங்கள்.

காய்கறிக்குக் காலைச் சந்தைதான் சிறந்தது. விலை கிலோவுக்கு எழுதியிருக்காது, "ஜின்" என்ற அளவுக்கு எழுதியிருக்கும். தைவானில் ஒரு ஜின் 600 கிராம், சீனாவில் 500. வெண்டை, பாகல், பீர்க்கு வகை, தண்டுக்கீரை எல்லாம் கிடைக்கும். தெரிந்த கடையாகிவிட்டால் ஒரு பிடி வெங்காயத்தாளை இலவசமாகச் செருகிவிடுவார்கள்.

தாளிக்கும்போது புகை உணர்வியும் பக்கத்து அறைக்காரரும் நினைவில் இருக்கட்டும். ஜன்னலைத் திறந்து, கதவை மூடிவிட்டுத் தாளியுங்கள். ஒரே நீட்டிப்பு வயரில் மின்பாத்திரத்தையும் இண்டக்‌ஷனையும் சேர்த்துச் செருகாதீர்கள். மிச்சச் சோற்றைக் குப்பையோடு கலக்கவும் கூடாது. இசை ஒலித்தபடி குப்பை வண்டி வரும், கூடவே உணவுக் கழிவு வாங்கும் வண்டியும். நேரம் தெரிந்துகொண்டு தெருமுனையில் நீங்களே கொண்டுபோய்க் கொட்ட வேண்டும்.

சந்திரப் புத்தாண்டு வாரம்

ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ வரும் இந்த வாரத்தில் பல்கலைக்கழக உணவகமும் சின்னக் கடைகளும் காலைச் சந்தையும் பல நாள் மூடியிருக்கும். அரிசி, பருப்பு, காய், முட்டையை முந்தைய வாரமே வாங்கிவிடுங்கள். கடைசி இரண்டு நாளில் விலை ஏறும், வரிசையும் நீளும்.

அந்த வாரம் விடுதியில் தனியாக இருக்கும் வெளிநாட்டு மாணவரைத் தைவான் தோழர்கள் புத்தாண்டு முந்தைய இரவு விருந்துக்கு வீட்டுக்கு அழைப்பார்கள். குடும்பத்துக்குள் மட்டும் நடக்கும் விருந்து அது. வெளியாளை அழைப்பது சாதாரணமில்லை. மேசையில் வைக்கும் முழு மீனில் கொஞ்சத்தை வேண்டுமென்றே மிச்சம் வைப்பார்கள், முடிக்கச் சொல்லிக் காத்திருக்காதீர்கள். நீங்கள் சைவமென்றால் அழைப்பு வந்த அன்றே சொல்லிவிட்டு, பழப்பெட்டியோடு, முடிந்தால் உங்கள் கையால் செய்த ஒரு பதார்த்தத்தோடு, கட்டாயம் போய் வாருங்கள்.